முதலில் சொறிந்தவள்

பூவம்மாளின் கோபம் கொதித்து ஆறிவிடுகிற வகை அல்ல, சாம்பலுக்குள் கிடக்கும் கங்கு. மாமியார் செத்த அன்று, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் பிரசவத்தின்போது கிழவி ஒரு சொம்பு வெந்நீர் வைத்துத் தர மறுத்ததை வந்தவர்களிடமெல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் அழ உட்கார்ந்தாள். சொன்னதும் உண்மை, அழுததும் உண்மை.

தென்னேரியில் ஏரிப் பாசனத்தில் நெல் வைத்த குடும்பத்துப் பெண். புருஷன் ராஜகோபால் வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவன் எழுந்திருக்கவில்லை. அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. நாற்று நட இடுப்பு ஒத்துழைக்காது என்று தெரிந்ததும், காஞ்சிபுரத்துக்கு வந்து ஆறு மாதம் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி எடுத்தாள். அன்றிலிருந்து இருபது வருஷத்தில் முப்பத்தொன்பது நோயாளிகள். அவர்களில் இருபத்தாறு பேருக்குக் கண்களை மூடிவிட்டது அவள் கைதான்.

எண்பது கிலோ ஆளைப் படுக்கை விரிப்பின் உதவியோடு தனியாகப் புரட்டிப் போடுவாள். படுக்கைப் புண் வருவதற்கு இரண்டு நாள் முன்பே மூக்கால் கண்டுபிடிப்பாள். நோயாளியிடம் கொஞ்சிப் பேச மாட்டாள். 'வாயைத் தொறங்க, முழுங்குங்க, முடிஞ்சுது' என்பதோடு சரி. ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. காய்ச்சல், சிறுநீர், சாப்பிட்ட இட்லி, புரட்டிப் போட்ட நேரம் எல்லாம் அதில் ஏறும். புதிதாகக் கண்ணில் பட்டது எதுவானாலும் தேதியோடு ஏறும்.

கடந்த ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவு வீட்டுக்கு அவளை அனுப்பினாள் துளசி. ஊரில் எந்த வீட்டுக்குப் பராமரிப்பு ஆள் வேண்டுமானாலும் துளசியிடம்தான் கேட்பார்கள். முப்பது பெண்கள் அவள் பேச்சுக்குக் காத்திருக்கிறார்கள். எந்த வீட்டுக்கு யார் என்பதும், யாரைப் பற்றி என்ன புகார் என்பதும் அவள் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். ஆள் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களும் அதில் இருக்கிறார்கள்.

அந்த வீட்டின் கூடத்தில் மூன்று தறிகள். ஒன்றில் கலியாணசுந்தரம், இன்னொன்றில் அவர் மகன் ஜெயக்குமார். மூன்றாவது தறி காலி. அதில் உட்கார்ந்து ஐம்பது வருஷம் நெய்தவர் கலியாணசுந்தரத்தின் அப்பா முனிரத்தினம். எண்பத்தொரு வயது. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து, பேச்சும் குழறி, பின் அறையில் கிடந்தார். மூச்சிழுப்புக்காக வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். வீட்டை ஆண்டது கலியாணசுந்தரத்தின் மனைவி காமாட்சியம்மாள்.

கிழவரின் போர்வையை விலக்கியதும் பூவம்மாள் முகத்தைச் சுளிக்கவில்லை, குனிந்து பார்த்தாள். விரல் இடுக்கு, மணிக்கட்டு, முழங்கை, இடுப்பு என்று எல்லா இடத்திலும் சாம்பல் நிறத்தில் பொருக்கு, காய்ந்த சுண்ணாம்பை அப்பியதுபோல. படுக்கையைத் தட்டினால் தவிடுபோல் உதிர்ந்தது. சோரியாசிஸ் என்றும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவி வருவதாகவும் காமாட்சியம்மாள் சொன்னாள். இத்தனை தோல் உரிகிற மனிதர், நன்றாக இருக்கிற இடது கையால் ஒரு தடவைகூடச் சொறியவில்லை. அது விநோதமாகப் பட்டது. நோட்டில் எழுதினாள்.

மூன்றாம் நாள், முப்பதாம் தேதி, அவள் கை விரல் இடுக்கு அரித்தது. சாயங்காலத்துக்குள் மணிக்கட்டும் இடுப்பும் சேர்ந்துகொண்டன. அதையும் எழுதினாள். செப்டம்பர் எட்டாம் தேதி காமாட்சியம்மாள் கரண்டிக் காம்பால் முதுகைச் சொறிந்தாள். மறுநாள் கலியாணசுந்தரம். அதற்கு மறுநாள் ஜெயக்குமார் தறியை நிறுத்திவிட்டுத் தொடையைச் சொறிந்துகொண்டு, 'ஆத்தா, எனக்கு மட்டும் பத்து கை இருந்தா நாலை நெய்ய உட்டுட்டு ஆறால சொறிஞ்சிக்குவேன்' என்றான். காமாட்சியம்மாள் சிரிக்கவில்லை. பூவம்மாளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாலாம் தேதி காலையில் அவள் பையைக் காமாட்சியம்மாள் ஒரு கழியால் தூக்கிவந்து தெருவில் கவிழ்த்தாள். இரண்டு புடவை, உள்பாவாடை, பவுடர் டப்பா, நோட்டு எல்லாம் மண்ணில் விழுந்தன. தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பூவம்மாள் உட்கார்ந்திருந்த இடத்தில் காமாட்சியம்மாள் பிளீச்சிங் பவுடரைத் தூவினாள்.

"மொதல்ல சொறிஞ்சது யாரு? நீதானே? எல்லாரும் பாத்துக்கினுதானே இருந்தோம். எந்த ஊட்லயிருந்து சொறியைக் கட்டிக்கினு வந்து எங்கூட்ல எறக்குனியோ."

பூவம்மாள் குனிந்து நோட்டை எடுத்து மண்ணைத் தட்டினாள். முதலில் சொறிந்தது அவள்தான், நோட்டிலேயே இருக்கிறது. ஒருவேளை முந்தைய வீட்டிலிருந்து தானே கொண்டுவந்துவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம். துணிகளை உதறி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் துளசியின் குழுவில், வீட்டுக்குச் சொறியைக் கொண்டுவந்தவள் என்று காமாட்சியம்மாளின் செய்தி வந்தது. பேர் இல்லை, ஆனால் தென்னேரி என்று இருந்தது. குழுவில் தென்னேரிக்காரி அவள் ஒருத்திதான். அவளைக் கூப்பிட இருந்த மூன்று வீடுகள் வேண்டாம் என்றன. டீக்கடையில் அவளுக்கு மட்டும் காகிதக் குவளை வந்தது. நான் நம்பவில்லை, ஆனால் கூப்பிடுகிறவர்கள் கேட்கிறார்களே என்று துளசி இழுத்தாள். இந்தத் தொழிலில் பேர் போனால் கை போன மாதிரி. படித்த பட்டமா இருக்கிறது சுவரில் மாட்ட? நாலு வீடு நல்லவள் என்று சொன்னால் சோறு, சொல்லாவிட்டால் இல்லை.

வாடகை அறையில் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் காமாட்சியம்மாளைத்தான் தேய்த்தாள். மண்ணை வாரித் தூற்றலாம் என்று முதல் நாள் தோன்றியது. மண் காற்றோடு தன் கண்ணிலேயே விழும் என்று விட்டுவிட்டாள். வேறு வழி வேண்டும், நின்று கொல்கிற வழி. அதற்கு முன் அரிப்பு போக வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரித் தோல் பிரிவில் டாக்டர் தேவிப்ரியா சின்னப் பெண். பூவம்மாளின் விரல் இடுக்கைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்தார். பிறகு, நீங்களும் பாருங்கள் என்றார். வட்டமாக, குட்டைக் கால்கள் எட்டோடு ஒன்று நெளிந்தது. தோலுக்குள் வளை தோண்டி முட்டை வைக்கிற பூச்சி, ஸ்கேபீஸ், வெறும் கண்ணுக்குத் தெரியாது என்றார். இந்தத் துக்காணிப் பூச்சிதானா தன்னைத் தெருவில் நிறுத்தியது என்று பூவம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள். நோயாளியைப் பற்றி, பொருக்கைப் பற்றி, யாருக்கு எப்போது அரித்தது என்பதைப் பற்றி ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, இது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கேட்டாள்.

வரிசையில் கூட்டம் குறைவாக இருந்ததாலோ, இப்படித் தேதியோடு கேட்கிற ஆள் அபூர்வம் என்பதாலோ, டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார். அரிப்பு பூச்சி கடிப்பதால் வருவதில்லை. நம் உடம்பின் வெள்ளை அணுக்கள் அதோடு போடுகிற சண்டைதான் அரிப்பு. முதன்முதலாக உள்ளே புகும்போது பூச்சி தன் எச்சிலால் காவலை மழுங்கடித்துவிட்டுச் சத்தமில்லாமல் குடியேறும். தோலுக்கடியில் காவல் இருக்கும் அணுக்கள் அதன் துணுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு அக்குள், தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த முடிச்சுக்குப் போகும். அங்கே இருக்கிற சிப்பாய் அணுக்களுக்கு அடையாளம் காட்டும். இன்னாரைத்தான் தேட வேண்டும் என்று அவை பழகி, பெருகி, தோலுக்குத் திரும்பிவர நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரைக்கும் அரிக்காது. பூச்சி இருக்கும், மற்றவருக்கும் ஒட்டும், ஆனால் அரிக்காது.

"எனக்கு மூணாம் நாளே அரிச்சுதே டாக்டரம்மா."

"முன்னாடி எப்பவாவது வந்திருக்கா?"

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு நோயாளியின் வீட்டில் வந்திருந்தது. மருந்து தடவிப் போய்விட்டது. அதைச் சொன்னதும் டாக்டர் மேசையைத் தட்டினார்.

"அப்ப அதுதான். சண்டை முடிஞ்சதும் எல்லா அணுவும் சாகாதும்மா. கொஞ்சம் தங்கிடும். பழைய விரோதியை மறக்காது. மறுபடி வந்தா ஒரு நாள், ரெண்டு நாள்ல கிளம்பிடும். மொதல்ல சொறிஞ்சவங்கதான் கொண்டாந்தவங்கன்னு சொல்ல முடியாது. அந்த வீட்டுக்காரங்க உடம்புக்கு அது புதுசு. கண்டுபிடிக்க அஞ்சு வாரம் ஆயிருக்கு."

பூவம்மாள் நோட்டைத் திறந்தாள். செப்டம்பர் எட்டிலிருந்து ஐந்து வாரம் பின்னால் எண்ணினாள். ஆகஸ்ட் நாலு. அந்தத் தேதியில் அவள் அந்தத் தெருவிலேயே இல்லை. அவள் கொண்டுபோயிருந்தால் அவர்களுக்கு அக்டோபரில்தான் அரித்திருக்க வேண்டும்.

கிழவர் ஏன் சொறியவில்லை என்றாள். டாக்டரின் முகம் மாறியது. ஸ்டீராய்டு மாத்திரையும், அதற்கு மேல் தடவிய களிம்பும் சேர்ந்து அவருடைய சிப்பாய்ப் படையைக் கட்டிப் போட்டிருக்கும் என்றார். வர வேண்டிய அணுக்கள் வராமல் வேறு வகை அணுக்கள் கும்பலாக வந்து, பூச்சியை விட்டுவிட்டுத் தோலைத்தான் தடிக்க வைக்கின்றன. சாதாரண ஆள் உடம்பில் பத்துப் பதினைந்து பூச்சி இருக்கும். இப்படிப் பொருக்குக் கட்டியவர் உடம்பில் லட்சக்கணக்கில் இருக்கும். உதிர்கிற தவிடு முழுக்கப் பூச்சி. வெடிப்பு வழியாகக் கிருமி ரத்தத்தில் இறங்கினால் ஆபத்து, உடனே அழைத்து வரச் சொல்லுங்கள், அந்த வீட்டில் புழங்கிய பொருளை ஏழு நாள் தொடாமல் மூடிவைக்கச் சொல்லுங்கள் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். அவருக்கு எங்கிருந்து வந்தது, அதற்கு முன் எங்காவது தங்கியிருந்தாரா என்றும் கேட்டார்.

அப்போதுதான் பூவம்மாளுக்கு அந்த எண் நினைவுக்கு வந்தது. கிழவரின் வேட்டி முனையிலும், பனியன் கழுத்திலும், துண்டிலும் மையால் பதினேழு என்று எழுதியிருந்தது. வண்ணான் குறி என்று நினைத்திருந்தாள். அந்த வீட்டில் வெளியே துணி போடுவதில்லை, எல்லாம் அவளேதான் துவைத்தாள். துணிக்கு எண் போடுகிற இடம் எது என்று இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருப்பவளுக்குத் தெரியாதா? ஆனி, ஆடியில் இரண்டு மாதம்போல கிழவர் ஆரணியில் மகள் வீட்டில் இருந்தார் என்று தெருவுக்கே சொல்லியிருந்தாள் காமாட்சியம்மாள். வாலாஜாபாத்துக்கு அப்பால் இருக்கும் முதியோர் இல்லம் ஒன்றில் பூவம்மாளோடு பயிற்சி எடுத்த ஒருத்தி வேலை பார்த்தாள். போன் போட்டுக் கேட்டாள். பதினேழாம் கட்டில், பிள்ளையார்பாளையம், பேச்சு குழறும், ஆடிப்பெருக்கு அன்று மகன் வந்து கூட்டிப்போனார் என்றாள் அவள். அந்த அறையில் எல்லாருக்கும் சொறி என்றும் சொன்னாள்.

பூவம்மாள் எட்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள்.

அடுத்து அவள் செய்ததை நல்லது என்று யாரும் சொல்ல முடியாது. டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தாள். தனக்கு மருந்து தடவிக்கொண்டாள், துணியைக் கொதிக்க வைத்தாள், சரியானாள். பிள்ளையார்பாளையத்துக்குப் போகவில்லை. சொல்லியும் அனுப்பவில்லை. அரிக்கட்டும் என்று இருந்தாள். தினமும் காலையில் எழுந்ததும் அவர்கள் நாலு பேரும் சொறிவதை நினைத்துப் பார்ப்பாள், காபி ருசிக்கும். நாலில் ஒருவர் சொறிய முடியாதவர் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்தே பத்தொன்பது நாள் இருந்தாள்.

அக்டோபர் பதினொன்றாம் தேதி கலியாணசுந்தரம் மொபெட்டில் வந்து அவள் அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. கழுத்தெல்லாம் கீறல். அப்பாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், கை வெடிப்பில் நீர் வடிகிறது, வேறு ஆள் யாரும் வர மாட்டேன் என்கிறார்கள் என்றார். தங்களுக்கும் சொறி போகவில்லை. ஒரு டாக்டர் கொடுத்த மருந்தை இரண்டு முறை உடம்பு முழுக்கப் பூசியும், கோயில் குளத்தில் உப்பும் மிளகும் கொட்டியும் போகவில்லை. நீ இருந்த அறைச் சுவரில்தான் அது தங்கிவிட்டது என்று வீட்டில் சொல்கிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒடம்பு பூராவா பூசுனீங்க?"

"கழுத்துலயிருந்து கால் வரைக்கும்மா."

"கையில?"

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "கையில எப்டிம்மா பூசறது? தறியில ஒக்காரணுமே. எண்ணெய்ப் பசை பட்டா பட்டுல கறை ஏறிக்கும். பொடவையே போயிடும். மணிக்கட்டோட நிறுத்திக்கினோம்."

காஞ்சிபுரத்து நெசவாளி வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டிலும் நடக்காத தப்பு இது. பூச்சிக்கு உடம்பிலேயே பிடித்த இடம் விரல் இடுக்கு. கோட்டையைச் சுற்றி எல்லா இடத்திலும் நெருப்பு வைத்துவிட்டு, ராஜா தூங்குகிற அறையை மட்டும் பட்டுத் துணியால் மூடிப் பாதுகாத்திருக்கிறார்கள். பூவம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. கிழவரின் காய்ச்சல் எத்தனை என்று கேட்டாள். நூற்றிமூன்று என்றதும் சிரிப்பு போய்விட்டது. மடித்து வைத்த தாள் அவள் நோட்டுக்குள்தான் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு மொபெட்டில் ஏறினாள்.

வழி நெடுக ஒரு யோசனை. தறியை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. இருபத்தொரு நாள் என்று சொன்னால் இருபத்தொரு நாள்தான். ஐப்பசி முகூர்த்தத்துக்கு முன்னால் இரண்டு தறியும் இருபத்தொரு நாள் நின்றால் காமாட்சியம்மாள் வயிறு எப்படி எரியும்.

கிழவரைப் பார்த்ததும் முதலில் நூற்றெட்டுக்குப் போன் போட்டாள். இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். அவருக்கு வேட்டி மாற்றினாள், ஈரத்துணி வைத்தாள், கையைச் சுத்தமான துணியால் சுற்றினாள். அதற்கு நாலு நிமிஷம். மீதிப் பதினாறு நிமிஷம் அவளுக்குப் போதும்.

காமாட்சியம்மாள் சமையலறை வாசலில் சீப்பால் முழங்கையைச் சொறிந்தபடி நின்றாள். என்ன இருந்தாலும் ஆபத்துக்கு வந்தாயே என்று ஆரம்பித்தாள். பூவம்மாள் நோட்டைத் திறந்து தேதிகளை வாசித்தாள். தான் வந்த தேதி, தனக்கு அரித்த தேதி, அவர்களுக்கு அரித்த தேதி, டாக்டர் சொன்ன ஐந்து வாரம். உங்கள் உடம்புக்குள் பூச்சி குடியேறியபோது நான் வேறு வீட்டில் வேறு ஆளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன் என்றாள். காமாட்சியம்மாள் நம்பாததுபோல் உதட்டைப் பிதுக்கினாள். அப்போது பூவம்மாள் கிழவரின் பழைய வேட்டி முனையை அவள் முகத்துக்கு நேரே விரித்தாள்.

"ஆரணியில நாத்தனார் ஊட்ல வேட்டிக்கு நம்பர் போடுவாங்களாம்மா?"

சீப்பு நின்றது. கலியாணசுந்தரம் தறிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜெயக்குமார் அம்மாவையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்திருந்தது என்பது அவன் பார்வையை இறக்கிய விதத்தில் புரிந்தது.

"தெருவுல சொல்லிடாத பூவம்மா" என்றாள் காமாட்சியம்மாள், மெல்லிய குரலில். "கல்யாணப் பொடவை ரெண்டு ஒரே நேரத்துல ஏறிடுச்சி. பாத்துக்க ஆளில்ல. ரெண்டே மாசந்தான். அப்பனைக் கொண்டுபோய் உட்டாங்கன்னு பேர் வந்துட்டா..."

"எம் பேரு எங்க போச்சும்மா?"

பூவம்மாள் வேட்டியை மடித்துக் கீழே வைத்தாள்.

"துளசி குரூப்ல நீங்களே பேசணும். பூவம்மா வர்றதுக்கு முன்னாடியே எங்கூட்ல சொறி இருந்துது, அவ கொண்டாரலன்னு. உங்க வாயால."

"எங்கருந்து வந்துதுன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும்."

நான் பேசுகிறேன் என்று கலியாணசுந்தரம் எழுந்தார். பூவம்மாள் கையைக் காட்டி உட்கார வைத்தாள். பையைக் கவிழ்த்தவர்தான் பேச வேண்டும் என்றாள். காமாட்சியம்மாள் போனை எடுத்துக் குழுவுக்குக் குரல்பதிவாகப் பேசினாள். முதல் தடவை சொல்லாமல் சுற்றி வளைத்தாள், பூவம்மாள் அதை அழிக்கச் சொன்னாள். இரண்டாம் தடவை குரல் கேட்கவில்லை. மூன்றாம் தடவை அழுகை வந்துவிட்டது, அழுகை வேண்டாம், விஷயம் போதும் என்றாள். நாலாவது தடவை பேசியது போயிற்று. அனுப்பிய குறி விழும்வரை பூவம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனையில் வண்டியின் சத்தம் கேட்டபோது தறியைப் பற்றிச் சொன்னாள். பாவு நூலையும் பட்டையும் தொடாமல் துணி போட்டு மூட வேண்டும். ஆளில்லாத இடத்தில் பூச்சி ஒரு வாரத்தில் செத்துவிடும். எத்தனை நாள் என்று கலியாணசுந்தரம் கேட்டார். இருபத்தொன்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் டாக்டர் தாளில் ஏழு என்று கைப்பட எழுதியிருந்தார். இதில் ஒரு பொய் கலந்தது தெரிந்தால் நோட்டில் இருக்கிற தேதிகளும் பொய்யாகிவிடும். "ஏழு" என்றாள், மனசில்லாமல்.

ஆனால் அந்த ஏழையும் அவள் சும்மா விடவில்லை. கிழவரை வார்டில் சேர்த்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய் மூவரையும் வரிசையாக நிற்க வைத்தாள். நகத்தை ஒட்ட வெட்டினாள். களிம்பை விரல் இடுக்கு, நகக்கண் என்று தன் கையுறை போட்ட விரலாலேயே தேய்த்தாள். காமாட்சியம்மாள் சாப்பிடக் கை கழுவினால் கழுவின கைக்கு மறுபடி பூசினாள். தெருக் கதவைச் சாத்த விடவில்லை, காற்று வரட்டும் என்றாள். தறிச் சத்தம் இல்லாத நெசவு வீடு அந்தத் தெருவில் சாவு வீட்டுக்குச் சமம். போகிறவர் வருகிறவரெல்லாம் எட்டிப் பார்த்து, பசைக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மூவரையும் விசாரித்தார்கள். குழுவில் அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் அடுத்த கேள்வியையும் கேட்டார்கள். ஆரணியில்தானே இருந்தார் என்றார்கள். அரைபாதி நெய்த கல்யாணப் புடவை துணிக்கடியில் கிடந்தது. காமாட்சியம்மாள் ஏழு நாளில் ஏழு பதில் சொன்னாள், எட்டாவது நாள் உண்மையைச் சொன்னாள். பூவம்மாள் அப்போது பக்கத்தில்தான் நின்றாள். உதவிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் அந்த வீடு, மற்ற நேரமெல்லாம் வார்டு என்று கிழவரைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். நாள் தப்பாமல் மாத்திரை, ஊறவைத்துப் பொருக்கை எடுப்பது, மேலெல்லாம் மருந்து. இழுப்பு டாக்டரிடம் கேட்டு ஸ்டீராய்டை மெல்லக் குறைத்தார்கள். அவரைப் புரட்டும்போதெல்லாம் அந்தப் பத்தொன்பது நாள் அவள் கைக்குள் இருந்தது. முன்னாடியே வந்திருந்தால் ரத்தம்வரை போயிருக்காது என்று தேவிப்ரியா சொன்னபோது, ஆமாம் டாக்டரம்மா என்றாள். அந்த நோட்டில் அவள் எழுதாமல் விட்டது அந்தப் பத்தொன்பது நாளை மட்டும்தான்.

காய்ச்சல் ஆறாம் நாள் இறங்கியது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, ஒரு காலையில் கிழவர் இடது கையைத் தூக்கி வலது மணிக்கட்டைச் சொறிந்தார். நிறுத்தாமல் சொறிந்தார். காமாட்சியம்மாள் அலறிக்கொண்டு ஓடிவந்தாள், மறுபடி வந்துவிட்டது என்று. பூவம்மாள் குனிந்து பார்த்தாள். புது வளை ஒன்றும் இல்லை. செத்த பூச்சியின் மிச்சத்தைக் கண்டு, கட்டவிழ்ந்த சிப்பாய்ப் படை இப்போதுதான் கிளம்பி வந்திருக்கிறது. கொஞ்ச நாள் அரிக்கும், பிறகு அடங்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

"சொறியட்டும் உடுங்க" என்றாள். "இத்தினி நாளா அவரு சொறியாததுதான் சீக்கு."

கிழவர் அவளைப் பார்த்து ஏதோ குழறினார். நல்லா இருக்குது என்றுதான் அவள் காதில் விழுந்தது.

மாதக் கடைசியில் கலியாணசுந்தரம் அவளை நிரந்தரமாக இருக்கச் சொன்னார். காமாட்சியம்மாளும் சேர்ந்து சொன்னாள். துளசி மூன்று வீட்டுப் பெயர் அனுப்பியிருந்தாள். அவற்றில் ஒன்று அதே தெருவில், நேர் எதிர் வீடு. இடுப்பெலும்பு முறிந்து கிடந்த கிருஷ்ணம்மாள். மற்ற இரண்டு வீட்டிலும் வேலை கம்மி, வசதியும் அதிகம். பூவம்மாள் எதிர் வீட்டைத்தான் எடுத்துக்கொண்டாள். முனிரத்தினத்துக்கு வேறொரு பெண்ணைத் துளசியிடம் சொல்லி ஏற்பாடு செய்து, எப்படிப் புரட்ட வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்று இரண்டு நாள் கூட இருந்து காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் காமாட்சியம்மாள் வாசல் தெளிக்க வருவது தெரியும். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தெளித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒரு நாள் மட்டும் தெருவைக் கடந்துவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் இளைத்திருந்தது.

"எல்லாந்தான் சொல்லிட்டனே. ஊரே சிரிக்குது. இன்னுமா கோவம் பூவம்மா?"

பூவம்மாள் கையில் இருந்த கஞ்சியின் சூட்டைப் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள்.

சூடு சரியாக இருந்தது. கிருஷ்ணம்மாளுக்குப் பசிக்கிற நேரம். தலையணையை நிமிர்த்தி வைத்து, வாயைத் திறக்கச் சொன்னாள்.